பெங்குவினுக்கும் ஒயினுக்கும் ஒரே கடல்

கேப் டவுன் போகிறவர்கள் இன்பாக்ஸில் வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ஹெர்மானஸ் பக்கம் ஒரு நாள் டூர் இருக்காமே, பெங்குவின், திமிங்கலம், ஒயின் மூன்றையும் காட்டுவாங்களாமே, போகலாமா? இல்லை, டூர்க்காரங்க கையில் கிடைச்சதை எல்லாம் சேர்த்துக் கட்டின கதம்பமா?" தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. இங்கேயே போட்டுவிடுகிறேன்.

போகலாம். ஆனால் கதம்பம் என்று நினைத்துப் போனால் கதம்பம்தான் கிடைக்கும். அந்தக் கரையில் பெங்குவின் வாழ்வதற்கும், கரைக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தாக்கில் பினோ நுவார் என்கிற சிவப்பு ஒயின் திராட்சை நன்றாக விளைவதற்கும் அடிப்படை ஒன்றுதான்: கடல் அங்கே குளிர்ந்து கிடக்கிறது. இது தெரிந்த வழிகாட்டியோடு போனால் அந்த நாள் முழுக்க ஒரே கதையாக இருக்கும். தெரியாதவரோடு போனால் ஒரு மிருகக்காட்சிசாலை, நடுவில் ஒரு சாப்பாடு, கடைசியில் ஒரு பார். அவ்வளவுதான்.

கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்கு நோக்கி ஓடுவது பெங்குவேலா நீரோட்டம். கோடையில் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும்போது கரையோரத்து மேல்நீர் அப்பால் தள்ளப்பட்டு, அடியில் இருக்கும் சில்லென்ற நீர் மேலே வரும். அந்த நீரில் உரச்சத்து அதிகம். வெயில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத மிதவைப் பாசிகள் பெருகும், அதைத் தின்ன நெத்திலியும் மத்தியும் கூட்டம் கூட்டமாக வரும், அவற்றைத் தின்ன பெங்குவின், நீர்க்காகம், கடல்நாய் எல்லாம் வரும். கேப் முனையைச் சுற்றி, ஹெர்மானஸ் இருக்கும் வாக்கர் விரிகுடா வரைக்கும் இந்தக் குளிரின் கை நீளுகிறது.

அதே குளிர்நீரின் மேல் தவழ்ந்து வரும் காற்றுதான் பிற்பகலில் ஹெர்மானஸுக்குப் பின்னால் இருக்கும் ஹேமல்-என்-ஆர்டே பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. அட்சரேகையை மட்டும் பார்த்தால் இந்த இடம் ஏறக்குறைய 34 டிகிரி தெற்கு. பினோ நுவாரின் தாய்வீடான பிரான்ஸின் பர்கண்டியோ 47 டிகிரி வடக்கு. கணக்குப்படி பார்த்தால் பினோ இங்கே வெந்து போக வேண்டும். தோல் மெல்லிய திராட்சை அது. சூடு கூடினால் சீக்கிரம் பழுத்து, புளிப்பு இறங்கி, பழக்கூழ் மாதிரி ஆகிவிடும். கடற்காற்று இருப்பதால்தான் அது அவசரப்படாமல் பழுக்கிறது. பள்ளத்தாக்கின் அடிப்பகுதியில் களிமண் கலந்த ஷேல் மண், மேலே போகப் போகச் சிதைந்த கிரானைட், முகட்டில் மறுபடி களிமண். அதனால் சட்டப்படியே மூன்று வட்டாரங்களாகப் பிரித்து லேபிளில் போடுகிறார்கள்.

1975இல் டிம் ஹாமில்டன் ரஸல் என்கிற விளம்பரத்துறைக்காரர் இங்கே நிலம் வாங்கினார். குளிர்ந்த இடமாகத் தேடித் தேடி வந்தவர். அப்போது எந்த வட்டாரத்தில் ஒயின் திராட்சை பயிரிடலாம் என்பதையே கோட்டா போட்டுத் தீர்மானிக்கிற காலம், இந்தப் பள்ளத்தாக்குக்கோ கோட்டா கிடையாது. அந்த முறை ஒழிந்தது 1992இல். இன்றைக்கு அங்கே வரிசையாகத் தோட்டங்கள் நிற்பதற்குப் பின்னால் அந்த மனிதருடைய பிடிவாதமும் இருக்கிறது.

சரி, டூருக்கு வருகிறேன்.

முதல் விதி: கடல் முதலில், ஒயின் அப்புறம். இதை மாற்றி வைத்திருக்கிற நிகழ்ச்சி நிரல் எதைக் கண்டாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். நாலு கோப்பை ருசித்துவிட்டுப் பெங்குவின் கூட்டுக்கு முன்னால் வந்து நிற்கும் குழுவை நான் பார்த்திருக்கிறேன். சத்தம், செல்ஃபி, மரநடைபாதைக்கு வெளியே ஒரு கால். பறவைகள் எழுந்து போய்விடவில்லை, ஆனால் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தன. அது நம்மைப் பார்த்து நடனம் ஆடுவதல்ல, "கிட்ட வராதே" என்கிற எச்சரிக்கை. குழுவில் ஒருவர் அதை வீடியோ எடுத்து ரொம்ப க்யூட் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

போகும் வழியும் முக்கியம். என்2 நெடுஞ்சாலையில் மலை ஏறி இறங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் ஹெர்மானஸ். கோர்டன்ஸ் பேயிலிருந்து கடலோரமாகப் போகும் ஆர்44 கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். அதில்தான் போக வேண்டும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் ஃபால்ஸ் விரிகுடா. அந்த மலைகள் கோகல்பெர்க் உயிர்க்கோளக் காப்பகம், 1998இல் யுனெஸ்கோ அங்கீகரித்தது, அந்த நாட்டில் அதுதான் முதலாவது. வழியில் பபூன் குரங்குகள் நின்றால் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள், தீனி போடாதீர்கள்.

ஆர்44இல்தான் பெட்டிஸ் பே வருகிறது, அங்கே ஸ்டோனி பாயிண்ட். ஒரு காலத்தில் திமிங்கலங்களை இழுத்து வந்து அறுத்த நிலையம் அது. இப்போது ஆப்பிரிக்கப் பெங்குவின்களின் குடியிருப்பு. கேப் டவுன் போகிற எல்லோரும் சைமன்ஸ் டவுனில் இருக்கும் போல்டர்ஸ் கடற்கரைக்குத்தான் ஓடுவார்கள். எனக்கு ஸ்டோனி பாயிண்ட்தான் பிடிக்கும். கூட்டம் குறைவு, பறவைகள் நடைபாதைக்குப் பக்கத்திலேயே இருக்கும். பெங்குவினோடு பாறையில் வெயில் காயும் டாஸி என்கிற குழிமுயல் மாதிரியான பிராணியையும் பார்க்கலாம். அதற்கு நெருங்கிய சொந்தம் யானை என்றால் நம்ப மாட்டீர்கள்.

பெங்குவின் என்றதும் கருப்பு வெள்ளைக் கோட்டு, தத்தித் தத்தி நடை என்று ரசித்துவிட்டு வந்துவிடுகிறோம். இந்தப் பறவையின் நிலைமையைக் கேளுங்கள். 2024 அக்டோபரில் ஐயுசிஎன் என்கிற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இதை மிக அபாயநிலையில் இருக்கும் இனமாக அறிவித்தது. இனப்பெருக்கம் செய்யும் இணைகள் உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் கீழே. முன்பு பறவை எச்சம் அடுக்கடுக்காகப் படிந்து கெட்டியான மேட்டில் வளை தோண்டி முட்டையிடும். 19ஆம் நூற்றாண்டில் அந்த எச்சத்தை உரத்துக்காகச் சுரண்டிக் கப்பலேற்றிவிட்டார்கள். அதனால் வெட்டவெளியில் முட்டையிட்டு வெயிலில் வாடுகிறது. செயற்கைக் கூடுகள் வைத்துப் பார்க்கிறார்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை சாப்பாடு. வருஷத்துக்கு ஒருமுறை இறகு உதிர்க்கும்போது மூன்று வாரம் போலக் கரையிலேயே பட்டினி கிடக்க வேண்டும், அந்த நேரத்தில் உடம்பில் தண்ணீர் ஒட்டும் என்பதால் கடலில் இறங்க முடியாது. அதற்கு முன்பும் பின்பும் வயிறு நிறைய மீன் கிடைத்தால்தான் பிழைக்கும். அது தேடுகிற அதே மத்தியையும் நெத்திலியையும்தான் சுருக்குமடி வலைப் படகுகளும் தேடுகின்றன. பறவை ஆர்வலர் அமைப்புகள் வழக்குப் போட்டு, 2025 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவு வந்தது: ஆறு முக்கியக் குடியிருப்புகளைச் சுற்றி அந்த மீன்பிடிக்குப் பத்து ஆண்டுத் தடை. ஆறில் ஸ்டோனி பாயிண்டும் ஒன்று. இதைச் சொல்லாமல் "இதோ பெங்குவின், இருபது நிமிஷம், கழிவறை அந்தப் பக்கம்" என்று அனுப்பிவைக்கிற வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு தண்டம்.

இன்னொரு விஷயம். பாறையில் கடல்நாய் படுத்திருந்தால் கிட்டே போகாதீர்கள், குழந்தைகளையும் விடாதீர்கள். 2024இல் இந்தக் கரையோரக் கடல்நாய்களிடம் ரேபிஸ் உறுதியாகியிருக்கிறது.

திமிங்கலத்துக்கு வருவோம். தென் ரைட் திமிங்கலங்கள் ஜூன் முதல் நவம்பர் வரை வாக்கர் விரிகுடாவுக்கு வரும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை வாய்ப்பு நன்றாக இருக்கும். அன்டார்க்டிக் பக்கம் இரை தின்று கொழுத்துவிட்டு, குட்டி போடவும் இணை சேரவும் இங்கே வருகின்றன. குளிர்நீர் இரைதான் இங்கேயும் கதை, ஆனால் அது கிடைப்பது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. ஹெர்மானஸில் இதற்குப் படகே தேவையில்லை. பாறை முகட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. எங்காவது உட்கார்ந்தால் போதும். மூச்சு விடும்போது நீர் இரண்டாகப் பிரிந்து 'வி' வடிவில் எழும். தலையில் வெள்ளைத் தழும்பு மாதிரித் திட்டுகள் தெரியும், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு அமைப்பு. அதை வைத்துத்தான் விமானத்திலிருந்து படமெடுத்துத் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள்.

படகில்தான் போவேன் என்றால் உரிமம் பெற்ற படகா என்று கேளுங்கள். உரிமம் உள்ளவர்கள் 50 மீட்டர் வரை நெருங்கலாம், மற்றவர்கள் 300 மீட்டருக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. எனக்குக் கரையே போதும். குட்டியோடு இருக்கும் தாய் அங்கே இருக்கிற மாதக்கணக்கில் பெரும்பாலும் எதுவுமே சாப்பிடாமல், உடம்புக் கொழுப்பை எரித்துத்தான் பால் கொடுக்கிறது. முன்பு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை குட்டி போட்டவை இப்போது நாலைந்து ஆண்டு எடுத்துக்கொள்கின்றன, தாய்கள் மெலிந்திருக்கின்றன என்று ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஜீவனை நாம் வேறு போய் எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும்?

யாரும் சொல்லாத ஒரு முரண் இங்கே உண்டு. திராட்சைக் கொத்துகள் தொங்கும் தோட்டத்தையும் திமிங்கலத்தையும் ஒரே நாளில் பார்க்க முடியாது. அறுவடை பிப்ரவரி, மார்ச் வாக்கில். திமிங்கலம் வரும் ஆகஸ்டில் கொடிகள் மொட்டையாக நிற்கும், செப்டம்பர் வாக்கில்தான் துளிர் விடும். விளம்பரப் படத்தில் பழுத்த குலைக்குப் பின்னால் திமிங்கல வால் தெரிந்தால், அது கணினியில் ஒட்டியது. பெங்குவின் மட்டும் எப்போதும் இருக்கும்.

இனி ஒயின். இரண்டு தோட்டம் போதும். மூன்றாவது தோட்டத்தில் நாக்கு மரத்துவிடும், நாலாவதில் வழிகாட்டி சொல்வது எதுவும் காதில் ஏறாது. எல்லா மேசையிலும் துப்புவதற்கு ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். நம்மவர்கள் அதைப் பார்த்து, "காசு கொடுத்து வாங்கினதைத் துப்புறதா?" என்று கேட்பார்கள். ஆமாம், துப்புங்கள். கூச்சமே வேண்டாம், ஒயின் தயாரிப்பவர்களே துப்புகிறார்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்து நிறத்தைப் பாருங்கள், நல்ல பினோ நுவாரின் ஊடாக விரல் தெரியும். அப்புறம் மூக்கு, அப்புறம்தான் நாக்கு. வாயோரத்தில் எச்சில் ஊறுகிறதா என்று கவனியுங்கள். அந்தப் புளிப்புதான் காலையில் உங்கள் முகத்தில் அடித்த கடற்காற்று கொண்டுவந்தது. ஷார்டனே என்கிற வெள்ளை ஒயினிலும் அதைத் தேடிப் பார்க்கலாம்.

குடிக்காதவர்கள் போகலாமா என்று தயங்கிக் கேட்பவர்கள் உண்டு. தாராளமாக. திராட்சைச் சாறு தருகிற தோட்டங்கள் இருக்கின்றன, முன்கூட்டியே சொல்லிவைத்தால் போதும். எங்கள் வேனில் மோந்து மட்டும் பார்த்த ஓர் அக்கா இருந்தார். கோப்பைகளுக்கு நடுவே வித்தியாசத்தைச் சரியாகச் சொன்னது அவர்தான்.

ஓட்டுநர் வைத்துக்கொள்வது ஆடம்பரமில்லை. அங்கே ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. இரண்டு தோட்டத்தில் விழுங்கினாலே அதைத் தாண்டிவிட வாய்ப்பிருக்கிறது. காரை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டிக்கொள்கிறேன் என்பவர்கள் அந்த மலைச்சாலையையும் நினைத்துப் பார்க்கட்டும்.

இந்த டூர்கள் தொடாமல் விடுவது ஒன்று உண்டு. இந்த ஊர்கள் இருக்கும் மேற்கு கேப் மாகாணத்தின் ஒயின் பண்ணைகளில் நெடுங்காலம் தொழிலாளிக்குக் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுத்தார்கள். 'டாப்' முறை என்பார்கள். சட்டம் தடுத்த பிறகும் பல பண்ணைகளில் தொடர்ந்தது. தாய் கர்ப்பத்தில் குடித்ததால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமான பகுதிகளில் அது ஒன்று. இதே ஹேமல்-என்-ஆர்டேயில் 19ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளிகளைக் கொண்டுவந்து ஒதுக்கிவைத்திருந்தார்கள். பின்னால் அவர்களை ரோபன் தீவுக்கு மாற்றினார்கள். அழகான பள்ளத்தாக்கில் இதையெல்லாம் எதற்குப் பேசணும் என்று ஒருவர் என்னிடம் சலித்துக்கொண்டார். நான் கேட்பேன். தோட்டத்து ஆட்களுக்கு வீடு, பள்ளிக்கூடம், பங்கு என்று ஏதாவது உண்டா என்று மேசையில் கேட்டால், நல்ல தோட்டக்காரர் சங்கடப்படாமல் பதில் சொல்கிறார். மழுப்புகிறவரிடம் நான் புட்டி வாங்குவதில்லை.

சிறு குழு என்கிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தில் அதைச் சொகுசு மாதிரி விற்கிறார்கள். எனக்கு அது ஒழுங்கு சம்பந்தப்பட்டது. எட்டுப் பேர் என்றால் வழிகாட்டி மைக் இல்லாமல் பேசலாம், மரநடைபாதையில் மற்றவர்களுக்கு வழிவிட்டு நிற்கலாம், ஒயின் ஊற்றுபவர் உங்கள் கேள்விக்கு நின்று பதில் சொல்வார். முக்கியமாக, ஹெர்மானஸில் திமிங்கலம் கரைக்கு வந்து நிற்கிறது என்று தெரிந்தால் சாப்பாட்டை அரைமணி தள்ளிப்போடலாம். நாற்பது பேர் பஸ்ஸில் அது நடக்காது, அங்கே நேரம்தான் எஜமான். பதிவு செய்யும் முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "திமிங்கலம் வந்தால் காத்திருப்பீர்களா?" நிகழ்ச்சி நிரலை மறுபடி ஒப்பிக்கிறவரை விட்டுவிடுங்கள்.

ஹெர்மானஸிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி கான்ஸ்பாயில் சுறாவுக்குக் கூண்டில் இறக்குகிறார்கள், அதையும் அதே நாளில் சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். ஓர்கா திமிங்கலங்கள் வேட்டையாடத் தொடங்கிய பிறகு அங்கே பெரிய வெள்ளைச் சுறாவைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. நாள்தான் நசுங்கும். அந்த நேரத்தை ஸ்டோனி பாயிண்டில் கூடுதலாகக் கொடுங்கள். டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்குத் தென் ரைட் திமிங்கலம் கிடையாது. பெங்குவினும் ஒயினும் மட்டும் என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டு போங்கள், ஒரு ஜாக்கெட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கோடையிலும் அந்தக் காற்றில் சட்டை போதாது.