பருத்திப்பால் வண்டிக்காரர்களிடம் ஒரு மன்னிப்பு

"அந்தக் காலத்து ருசி இப்ப எங்க இருக்கு" என்று யார் பதிவு போட்டாலும் முதல் ஆளாகப் போய் ஆமாம் போடுகிறவன் நான். போன மாதத்திலிருந்து கை கொஞ்சம் தயங்குகிறது.

எங்கள் ஊர் கள்ளிக்குடிப் பக்கம், கரிசல் காடு. வீட்டில் பருத்திக்கொட்டை மூட்டை எப்போதும் கிடக்கும், கறவை மாட்டுக்கு. அதில் அரைப்படி எடுத்து அப்பத்தா ராத்திரியே ஊறப்போடும். விடிந்ததும் ஆட்டுக்கல்லில் ஆட்டி, பழைய வேட்டித் துணியில் பிழியும். சக்கையில் தண்ணீர் தெளித்து மறுபடி ஆட்டி இன்னொரு பிழி. மிச்சச் சக்கை மாட்டுக்கே போய்விடும், வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. பச்சை வாடை போகப் பாலைக் கொதிக்கவிட்டு, பச்சரிசி மாவைக் கரைத்து ஊற்றி, கருப்பட்டிப் பாகு, சுக்கு, ஏலக்காய், கடைசியில் தேங்காய்த் துருவல். மாவு விழுந்த பிறகு கிண்டுகிற கை நிற்கக் கூடாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரைக்குக் குடிவந்த பிறகு எத்தனையோ சாயங்காலம் தள்ளுவண்டியில் வாங்கிக் குடித்திருக்கிறேன். ஒன்றிலும் அந்த ருசி இல்லை. மாவு தூக்கல், கருப்பட்டிக்குப் பதில் வெல்லம் என்று வண்டிக்காரர்களை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். அதோடு விட்டேனா? கொட்டையே மாறிவிட்டது, மானாவாரியில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தி அருகிப்போய், 2002-ல் அனுமதி கொடுத்த பி.டி. பருத்தி, அதாவது மரபணு மாற்றிய பருத்தி, காட்டையெல்லாம் பிடித்துக்கொண்டது என்று நண்பர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். பருத்தி மாறியது நிஜம்தான். என் நாக்குக் குறைக்கு அதுதான் காரணம் என்பது நானாகக் கட்டிய கதை.

(தேன் மிட்டாய் விஷயத்தில் எனக்கு இந்த மயக்கம் இல்லை. போன சித்திரைத் திருவிழாவில் ஒரு பொட்டலம் வாங்கினேன். மூன்றாவதுக்கு மேல் இறங்கவில்லை. அது அன்றைக்கும் வெறும் சீனிப்பாகுதான், நமக்குத்தான் அன்று பத்து வயது.)

சரி, நாமே காய்ச்சிவிடுவோம் என்று பருத்திக்கொட்டை வாங்கப் போனேன். "எத்தனை மாடு நிக்குது?" என்று கேட்டார் கடைக்காரர். ஆட்டுக்கல்லுக்குப் பதில் மிக்ஸி, மற்றபடி எல்லாம் அப்பத்தா பக்குவம். பாதிக் கிண்டலில் போன் வந்தது. பேசிவிட்டுத் திரும்பினால் அடிப்பிடித்த வாடை வீடு முழுக்க. வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

கொட்ட மனசில்லாமல் ஒரு வாய் குடித்தேன். அப்படியே அதே ருசி!

உடனே அத்தைக்குப் போன் போட்டேன். சிரித்துவிட்டது. "எங்கம்மா என்னைக்குடா அடிப்பிடிக்காமக் காய்ச்சுச்சு? அடுப்புல வச்சுட்டு மாட்டைப் பாக்க ஓடிரும். வந்து பாத்தா கருகிக் கிடக்கும். நீங்கதான் சின்னப் பயலுக, ஒண்ணும் தெரியாமக் குடிச்சீங்க."

இத்தனை வருசம் நான் திட்டிய வண்டிக்காரர்கள், பாவம், கை நிற்காமல் ஒழுங்காகக் கிண்டியிருக்கிறார்கள்.