உருமி அடித்தால் அது தமிழ்ப் பாட்டு இல்லையா?

ஆங்கிலத்தில் பாடும் லண்டன் ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ. பற்றிப் பேச்சு வந்தது. அவர் தமிழிலா பாடுகிறார், அவரைப் போய் நம் பாடகி என்று கொண்டாடுகிறீர்களே என்று நேற்று கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடும்போது ஒரு நண்பர் கேட்டார். அங்கே சொன்ன பதில் எனக்கே போதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எம்.ஐ.ஏ.வின் சொந்தப் பெயர் மாதங்கி அருள்பிரகாசம். 1975-இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போனவர். அப்பா ஈரோஸ் என்ற ஈழப் போராட்ட இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார், வந்தாலும் பிள்ளைகளிடம் அவரை மாமா என்றுதான் சொல்லியிருந்தார்கள். போர் முற்றியதும் அம்மா கலா பிள்ளைகளோடு 1986-இல் லண்டனுக்கு வந்தார். பிறந்த ஊருக்கே அகதியாகத் திரும்பி வந்த பிள்ளை அவர். அப்பாவின் இயக்கப் பெயர் அருளர், அதுவே 2005-இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர். 2007-இல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு அம்மாவின் பெயர், 'கலா'.

அந்த 'கலா'வைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். அமெரிக்காவில் பதிவு செய்யத் திட்டமிட்டிருந்தார், விசா கிடைக்கவில்லை. சரி என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார், அதில் சென்னையும் ஒன்று. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டு பாட்டிலும் கேட்பது நம்ம உருமி மேளம். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து வருவதுபோல எழும் அந்த உறுமலைத் தைப்பூசத்தன்று பத்துமலை அடிவாரத்தில், காவடிக்கு முன்னால் நின்று கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் தம்பி செந்தூலில் ஓர் உருமி மேளக் குழுவில் எட்டு வருஷம் அடித்தான். ரவுடிப் பசங்க சத்தம் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். ஒரு கல்யாணத்தில் மண்டபத்துக்கு வெளியே அடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள், உள்ளே சாப்பிடக்கூடக் கூப்பிடவில்லை. அவன் அன்று ஒன்றும் பேசாமல் வேனில் ஏறியது இன்னும் எனக்கு வலிக்கிறது.

விசா கேட்டு வரிசையில் நிற்பவர்களை உலகம் எந்தச் சந்தேகத்தோடு பார்க்கிறதோ, அந்தப் பார்வையையே எடுத்து 'பேப்பர் பிளேன்ஸ்' என்று பாட்டாக்கி, அதையே அமெரிக்கா முழுக்கப் பாட வைத்தார். 2009 பிப்ரவரியில் கிராமி மேடையில் பாடியபோது நிறைமாதம், குழந்தை பிறக்க மருத்துவர்கள் குறித்த நாளே அன்றுதான்! அதே ஆண்டு ரகுமானோடு சேர்ந்து செய்த பாட்டுக்காக ஆஸ்கார் பரிந்துரையும் வந்தது. ஆனால் எனக்கு அதையெல்லாம்விடப் பெரியது, 2019-இல் அவருக்கு அறிவிக்கப்பட்ட எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருது. அந்தப் பதக்கங்களைப் பல வருஷமாகக் கையால் தைத்துக் கொடுத்தவர் அம்மா கலா. தான் தைத்துப் பிழைத்த பதக்கம் மகளுக்கே வந்தபோது அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும்.

தடுப்பூசி பற்றி அவர் பேசியதை நான் ஏற்கவில்லை, அது வேறு. ஆனால் மொழி வார்த்தையில் மட்டுமா இருக்கிறது? ஈழத்தை, அகதி என்ற பேரை, அம்மா அப்பா பேரை, எதையும் அவர் மறைக்கவில்லை. நம்மில் பலர் மண்டபத்துக்கு வெளியே நிறுத்தும் மேளத்தை அவர் பாட்டின் நடுவில் வைத்தார்.

நேற்று இரவு தம்பிக்கு 'பேர்ட் ஃப்ளூ' போட்டுக் காட்டினேன். பாதியிலேயே மேசையில் தட்ட ஆரம்பித்துவிட்டான். "அக்கா, இது நம்ம அடி" என்றான். நண்பருக்கும் அந்தப் பாட்டை அனுப்பியிருக்கிறேன்.