எழுதிக் கொடுத்த குறையை மட்டும் சரிசெய்யுங்கள்

எஃப்.சி.யில், அதாவது வாகனத் தகுதிச் சான்றுக்கான சோதனையில், வண்டி தோற்றால் நல்ல ஒர்க்‌ஷாப்பில் விட்டு அவர்கள் சொல்வதை எல்லாம் மாற்றிவிடுங்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 56 படி, தகுதிச் சான்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முதலில் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள்.

மன்னார்குடி பக்கம் எங்கள் குட்டி யானை சரக்கு வண்டிக்குப் போன வருஷம் எஃப்.சி. மறுத்து எழுதிக் கொடுத்தது ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை, ஹெட்லைட் ஃபோகஸ் சரியில்லை, அவ்வளவுதான். ஒர்க்‌ஷாப்பில் கிளட்ச் பிளேட், மாஸ்டர் சிலிண்டர், பிரேக் டிரம்மும் மாற்றணும் என்றார்கள். குறுவை அறுவடை நேரம். கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏற்றும் வண்டி நின்றால் அன்றைய வாடகை போச்சு. அந்த அவசரம் அவர்களுக்கும் தெரியும், அதுதான் கோபமாக வருகிறது.

வேறு மெக்கானிக் டிரம்மைக் கழற்றிப் பார்த்தார். வயல் சேறு புகுந்து பிரேக் ஷூ தேய்ந்திருந்தது. ஷூ மாற்றி, கேபிளை இழுத்துக் கட்டி, ஃபோகஸ் திருப்பியதும் எஃப்.சி. ஆகிவிட்டது. கிளட்ச் இன்றும் அதேதான்!

பிரேக், ஸ்டியரிங் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள், கழற்றிய பழைய பாகத்தைக் கேளுங்கள், பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏமாற்றியது உறுதியானால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும்போது இவைதான் சாட்சி.