ரிவால்வர் சிலிண்டர்ல (தோட்டா போடற உருளை) தோட்டா உக்காருதுன்னா போடலாம்னு அர்த்தமில்ல
மேல ஒருத்தர் “பேரல்ல (குழல்ல) .38 ஸ்பெஷல்னு தோட்டா வகை அடிச்சிருந்தா பிளஸ் பி (+P, பிரஷர் கூடின) தோட்டாவும் தாராளமா போடலாம், அதான் கச்சிதமா உக்காருதே”ன்னு போட்டிருக்கார். தப்புங்க. .357 மேக்னம்ங்கற இன்னும் பலமான தோட்டாவோட ஷெல் (வெளிக்கூடு) நீளம் ஜாஸ்தி, .38 சிலிண்டர்ல முழுசா இறங்காது, மாத்திப் போட்டுடக் கூடாதுன்னு வேணும்னேதான் அப்படி செஞ்சாங்க. ஆனா பிளஸ் பி சைஸ்ல சாதா தோட்டாவேதான், பிரஷர்தான் வேற, சாதாவுக்கு உச்சம் சுமார் 17,000 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு)ன்னா இதுக்கு 20,000 வரை, அதனால துப்பாக்கி உங்களைத் தடுக்காது, ஷெல் அடில இருக்கற +P முத்திரைய நீங்கதான் பாக்கணும்.

உடனே வெடிச்சிடும்னு சொல்லல. ஆனா பழைய அலுமினியம் ஃபிரேம்னா பேரல் திருகியிருக்கற இடத்துக்குக் கீழ மயிரிழை விரிசல் விடும், ஸ்டீல்னாலும் சிலிண்டர் முன்னும் பின்னும் ஆட ஆரம்பிக்கும் (தோட்டாவ எடுத்துட்டு ஆட்டிப் பாருங்க சாமி). அந்த மாடலோட மேனுவல்ல பிளஸ் பி ஓகேன்னு இல்லையா, போடாதீங்க.

அப்படி போட்டும் பெரிய லாபம் கிடையாது, 2 இன்ச் பேரல்ல வேகம் கம்மி, ஹாலோ பாயின்ட் (பட்டதும் விரியறதுக்காக நுனில குழி வச்ச குண்டு) பல நேரம் விரியறதே இல்ல. அதுக்கு சாதா பிரஷர் 148 கிரெயின் (குண்டு எடை) வாட்கட்டர்ங்கற தட்டை முனை குண்டு எவ்வளவோ தேவலை, உதை கம்மி, ரெண்டாவது ஷாட்டும் குறி தப்பாது. என்ன, தட்டை மூஞ்சிங்கறதால அவசரத்துல ரீலோட் பண்றதுதான் பேஜார்.