அந்த லிஃப்ட் அறை தோமாஷ் பாட்டாவுடையது அல்ல

"செருப்பு முதலாளி தோமாஷ் பாட்டா தொழிலை விட்டுவிட்டு செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லின் நகர மேயரானார், லிஃப்டுக்குள் அமைத்த அலுவலகத்தில் உட்கார்ந்தே ஊரை நிர்வகித்தார்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

அந்த லிஃப்ட் அறை இருக்கும் உயரமான தலைமை அலுவலகம் 1930களின் பிற்பாதியில்தான் கட்டப்பட்டது. தோமாஷோ 1932 ஜூலை 12 அன்று, மூடுபனியில் கிளம்பிய விமானம் விழுந்து இறந்துபோனார். அறையை அமைத்துக்கொண்டவர், அவருக்குப் பின் நிறுவனத்தை நடத்திய தம்பி யான் அந்தோனின் பாட்டா. அதில் கைகழுவத் தொட்டிகூட உண்டு. அந்த அறையின் புகைப்படம் பிரபலம் என்பதால் எல்லாரும் அண்ணன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

அப்புறம், தோமாஷ் தொழிலை விடவே இல்லை. 1923இல் தேர்தலில் வென்று மேயரானவர், இறக்கும்வரை இரண்டு பொறுப்பிலும் இருந்தார். பேச வேண்டிய விஷயமே இதுதான். சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊர் சில ஆண்டுகளில் 20 ஆயிரத்தைத் தாண்டியது. தோட்டம் சூழ்ந்த செங்கல் வீடுகள், பள்ளிகள், 1927இல் மருத்துவமனை என்று எல்லாம் வந்தன. ஆனால் சம்பளம் கொடுப்பவரும் வீடு கொடுப்பவரும் நகராட்சித் தலைவரும் ஒரே ஆள் என்றால், ஒரு தொழிலாளி யாரிடம் போய்ப் புகார் சொல்வார்? தொழிலை விட்டுவிட்டார் என்று எழுதினால் இந்தக் கேள்வியே காணாமல் போய்விடுகிறது. அவருடைய சாதனையை நான் மதிக்கிறேன், அதனால்தான் இதைத் திருத்தச் சொல்கிறேன்.