வெயில்ல நிறுத்துனது அந்தப் பொண்ணோட தப்பாம்

ரெண்டு நாளா எதுவும் எழுதக் கூடாதுன்னு தான் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு பொண்ணோட எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தீப்பிடிச்ச விஷயம் உங்க எல்லாருக்கும் தெரியும், வீடியோவை மறுபடி இங்க போட்டு அந்தப் பொண்ணை இன்னும் நோகடிக்க எனக்கு இஷ்டமில்ல. ஆனா நேத்து சாயங்காலம் கம்பெனிக்காரங்க ஒரு விளக்கம் விட்டாங்க பாருங்க, "வாகனம் நீண்ட நேரம் நேரடி வெயிலில் நிறுத்தப்பட்டிருந்தது எங்கள் ஆய்வில் தெரியவந்துள்ளது"ன்னு, அதைப் படிச்சதுல இருந்து கை அரிச்சுக்கிட்டே இருக்கு.

வண்டி வெயில்ல நின்னுச்சாம். அதை ஆய்வு வேற பண்ணிக் கண்டுபிடிச்சிருக்காங்க. குடை விக்கிறவன் "உங்க குடை மழையில நனைஞ்சிருக்கு, அதனால வாரண்டி கிடையாது"ன்னு சொன்னா சிரிப்போமா மாட்டோமா? இதுக்கு மட்டும் நூத்துக்கணக்குல பேர் "ஆமா, யூசர் மிஸ்டேக் தான்"னு கமெண்ட் போட்டிருக்கீங்க.

வண்டின்னா வெயில்ல தான்யா நிக்கும்!

இதை நான் ஏதோ கோவத்துல சொல்லல. வண்டிக்குள்ள போற சிப்புக்குன்னே ஏஈசி-க்யூ100ன்னு ஒரு தகுதித் தேர்வு 90கள்ல இருந்தே இருக்கு, அமெரிக்காவோட பெரிய மூணு கார் கம்பெனி சேர்ந்து ஆரம்பிச்ச கவுன்சில் போட்டது. அதுல கிரேடு 3ன்னா சுத்துப்புற வெப்பம் மைனஸ் 40ல இருந்து 85 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கணும், கிரேடு 2க்கு 105, கிரேடு 1க்கு 125, இஞ்சின் பக்கத்துல ஒட்டிக்கிட்டு வேலை பாக்குறதுக்கு கிரேடு 0, அதாவது 150. வீட்டு டிவிக்குள்ள இருக்கிற சாதா சிப்புக்கு வழக்கமா 0ல இருந்து 70 வரைக்கும் தான் பேச்சு. இவ்வளவு வித்தியாசம் எதுக்கு வச்சாங்க? டிவி ஹால்ல இருக்கும், வண்டி வெளிய நிக்கும், அவ்வளவு தான். முப்பது வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயத்தை நேத்து தான் ஆய்வுல கண்டுபிடிச்ச மாதிரி சொல்றாங்க.

எவ்வளவு சூடாகும்னு கேப்பீங்க. 2018ல அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்காரங்க வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு, வெளிய 38 டிகிரிக்கு மேல அடிக்கிற நாள்ல காரை ஒரு மணி நேரம் வெயில்ல நிறுத்தி அளந்திருக்காங்க. டாஷ்போர்டு சராசரியா 69 டிகிரி, ஸ்டியரிங் 53, சீட் 51. நிழல்ல நிறுத்துனாலும் டாஷ்போர்டு 48க்குப் போயிருக்கு.

இப்ப முக்கியமான பாயிண்டுக்கு வரேன், இதை மட்டும் பொறுமையா படிங்க. வண்டி பேட்டரிக்குள்ள இருக்கிற லித்தியம் செல்லு எப்படி எரியுது? உள்ள இருக்கிற மெல்லிசான பாதுகாப்புப் படலம் கிட்டத்தட்ட 80, 90 டிகிரிக்கு மேல போனா தான் பிரிய ஆரம்பிக்குது, அதுவே கொஞ்சம் சூட்டைக் கிளப்பும். 130 பக்கத்துல போனா பிளஸ்ஸையும் மைனஸையும் பிரிச்சு வச்சிருக்கிற பாலிஎத்திலீன் செபரேட்டர் உருகும். உருகி உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகி, அந்த சூட்டுல கேத்தோடு, அதாவது பிளஸ் பக்கம், ஆக்சிஜனை விட்டு, அப்புறம் வெளியில இருந்து யாரும் நிறுத்த முடியாது, பக்கத்து செல்லு, அதுக்குப் பக்கத்து செல்லுன்னு வரிசையா போகும். சரி, வெயில் எவ்வளவு குடுக்கும்? கண்ணாடிக்குப் பின்னாடி மூடி வச்ச காரோட டாஷ்போர்டே 69 தான். திறந்த வெளியில நிக்கிற ஸ்கூட்டரோட சீட்டுக்கு அடியில இருக்கிற பேட்டரி பேக்கு, நீங்க எவ்வளவு மோசமா கணக்குப் போட்டாலும், வெயிலால மட்டும் 130க்குப் போகாது. போகவே போகாது. மிச்ச சூடு எங்க இருந்து வந்துச்சு? அதைத் தானே ஆய்வு பண்ணியிருக்கணும்? ஒண்ணு செல்லுக்குள்ள பழுது இருந்திருக்கணும், இல்லன்னா கரண்டை வெட்டிவிட வேண்டிய நேரத்துல பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணிக்கிற சர்க்யூட், வெட்டல, இல்லன்னா எங்கயோ ஒரு ஜாயிண்ட்டு லூசு.

லூஸ் ஜாயிண்ட்டுன்னா சாதாரணமா நினைக்காதீங்க. ஒரு கனெக்டர்ல ஒயர் சரியா கிரிம்ப் ஆகாம, அதாவது இறுக்கி அழுத்தாம, வெறும் 10 மில்லி ஓம் ரெசிஸ்டன்ஸ் கூடிருச்சுன்னு வைங்க, மீட்டர்ல பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும். அதுல 50 ஆம்பியர் போச்சுன்னா 25 வாட் சூடு. என் மேசையில இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட் தான், அதை வச்சு ஈயத்தையே உருக்குறேன். அதே அளவு சூடு ஒரு பிளாஸ்டிக் மூடிக்குள்ள, காத்து கூடப் போகாத இடத்துல, பேட்டரியை ஒட்டி உக்காந்திருந்தா என்ன ஆகும்? இதுல மொத்த பேக்குக்கும் வெப்பம் அளக்கிற தெர்மிஸ்டர் ரெண்டு மூணு மட்டும் ஒட்டி வச்சிருக்கிற பேக்கு நானே திறந்து பாத்திருக்கேன். சென்சார் ஒரு மூலையில "எல்லாம் நல்லாருக்கு"ன்னு சொல்லும், மறு மூலை வெந்துக்கிட்டு இருக்கும்.

இன்னொரு வேடிக்கை சொல்றேன். செவர்லே போல்ட் கார் ஞாபகம் இருக்கா? 2021 ஆகஸ்ட்ல வித்த வண்டி எல்லாத்தையும், 1,40,000க்கு மேல, ரீகால் பண்ணாங்க. ஒரே செல்லுக்குள்ள ஆனோடு டேப், அதாவது மைனஸ் பக்கத்து உலோகப் பட்டை, கிழிஞ்சு, செபரேட்டரும் மடங்கி இருந்தா தீப்பிடிக்கும்னு தெரிஞ்சதால. சரி பண்ணித் தர்ற வரைக்கும் ஓனருங்களுக்கு என்ன சொன்னாங்க தெரியுமா? வண்டியை வீட்டுக்குள்ள வைக்காதீங்க, வெளிய நிறுத்துங்க, ராத்திரி பூரா சார்ஜ் போடாதீங்கன்னு. அங்க வெளிய நிறுத்தணும், இங்க வெளிய நிறுத்தக் கூடாது. தோள்ல தூக்கிட்டு தான் திரியணும் போல. ஆனா ஒண்ணு ஒத்துக்கணும், அவங்க கடைசியில செல்லுல தான் குறைன்னு சொல்லி மாத்திக் குடுத்தாங்க. வெயில் மேல பழி போடல.

இப்ப வருவாங்க, "நீ ஈவி எதிரி, பெட்ரோல் வண்டிக்கு கூலிக்கு மாரடிக்கிற"ன்னு. போன தடவையும் இதைத் தான் சொன்னீங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒரு குரூப்ல போட்டு "பேட்டரி ஜோசியர்"னு பேர் வச்சீங்களே, நான் பாக்கலன்னு நினைச்சீங்களா? என் சொந்தத்துலயே ஒருத்தன் அதுக்கு சிரிப்பு ரியாக்ஷன் போட்டிருந்தான். போகட்டும்.

பெட்ரோல் வண்டியும் எரியுது, அதிகமாவே எரியுது, ஒத்துக்கிறேன். அடுத்தது போலாம்.

சூட்டுப் பிரச்சனை ஈவியோட வந்ததே இல்ல. ஃபோர்டு 1983ல இருந்து 1995 வரைக்கும் நிறைய மாடல்ல தீப்பொறியைக் கட்டுப்படுத்துற இக்னிஷன் மாட்யூலை, பொறியை ஒவ்வொரு ப்ளக்குக்கும் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டர் மேலயே, இஞ்சின் சூடு நேரா அடிக்கிற இடத்துல மாட்டுனாங்க. சூடானா மாட்யூல் செத்து ஓடுற வண்டி நடு ரோட்டுல நின்னுரும். ஆறினா மறுபடி ஸ்டார்ட் ஆகிரும். மெக்கானிக் பாக்குறப்ப ஒண்ணும் இருக்காது. 2000ல கலிபோர்னியா நீதிபதி ஒருத்தர், குறையை மறைச்சிருக்காங்கன்னு சொல்லி 17 லட்சம் வண்டி வரைக்கும் ரீகால் பண்ண உத்தரவு போட்டார். மறு வருஷம் கோர்ட்டுக்கு வெளிய சமரசம் ஆச்சு. எத்தனை ஆயிரம் பேர் அதுவரைக்கும் ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னு "சார் நிஜமாவே நிக்குது சார்"னு கெஞ்சியிருப்பாங்க, நினைச்சுப் பாருங்க.

நிசான் லீஃப் மட்டும் என்ன, பேட்டரிக்கு தனியா கூலிங்கே வைக்காம விட்டாங்க, 2012 கோடையில அரிசோனா பக்கம் ஓனருங்க எல்லாம் பேட்டரி கொள்ளளவு காட்டுற கெப்பாசிட்டி பார் குறையுதுன்னு கத்துனாங்க. கத்துனதுக்கு அப்புறம் தான் கெப்பாசிட்டிக்கும் வாரண்டி வந்துச்சு, சூடு தாங்குற கெமிஸ்ட்ரி வந்துச்சு. அந்த ஓனருங்களையும் "ஏன் பாலைவனத்துல குடியிருக்கீங்க"ன்னு கேட்டிருக்கலாமே.

"கெஞ்சியிருப்பாங்க"ன்னு எழுதுறப்பவே ஒருத்தர் ஞாபகம் வந்துருச்சு, அவரைப் பத்தி சொல்லாம இந்தப் பதிவை முடிச்சா நான் யோக்கியன் மாதிரி நடிக்கிறதா ஆகிரும். நான் போர்டு ரிப்பேர் ஆரம்பிச்ச புதுசு. வயசானவர் ஒருத்தர், வேன் ஓட்டுறவர், கண்ட்ரோல் பாக்ஸைக் கழட்டித் துணியில சுத்திக் கொண்டு வந்தார். "முக்கா மணி நேரம் ஓட்டுனா நின்னுருது தம்பி, கொஞ்ச நேரம் விட்டா கிளம்பிருது"ன்னார். ஏசி ரூம்ல பென்ச்ல மாட்டி ரெண்டு மணி நேரம் ஓட விட்டேன், ஜம்முனு ஓடுச்சு. ஒண்ணும் இல்லன்னு குடுத்து அனுப்பிட்டேன். மறுபடி வந்தார். மறுபடியும் ஒண்ணும் இல்ல. மூணாவது தடவை "ஓட்டுறதுல ஏதாவது தப்பு பண்றீங்களா பாருங்க"ன்னு நான் சொன்னேன். ஆமா, நான் தான் சொன்னேன், முப்பது வருஷம் வண்டி ஓட்டுனவரைப் பாத்து. நாலாவது தடவை வந்தப்ப பாக்ஸை மேசையில வச்சுட்டு "நான் பொய் சொல்லல தம்பி"ன்னார், வேற எதுவும் சொல்லல.

அன்னிக்கு தான் வெக்கப்பட்டு ஹேர் டிரையரை எடுத்து போர்டு மேல காட்டுனேன். நாலு நிமிஷம் கூட ஆகல, ரிலே, அதாவது போர்டுல இருக்கிற மின் சுவிட்சு, டக்குனு விட்டுருச்சு. லென்ஸ் வச்சுப் பாத்தா ரிலே காலைச் சுத்தி சால்டர்ல மயிரிழை மாதிரி ஒரு வட்ட விரிசல். போர்டு சூட்டுல ஒரு அளவு விரியும், செம்பு ஒரு அளவு, சிலிக்கான் ரொம்பக் கம்மியா விரியும், தினமும் சூடாகி ஆறி சூடாகி ஆறி இழுத்துக்கிட்டே இருந்தா நடுவுல மாட்டிக்கிட்ட சால்டர் தான் சாகும். ஆறினா விரிசல் ஒட்டிக்கும், சூடானா பிரியும். ஏசி ரூம்ல உக்காந்து தேடுனா எப்படிக் கிடைக்கும்? நான் டெஸ்ட் பண்ணது போர்டை இல்ல, என் ரூமை.

அதுக்கப்புறம் எவ்வளவோ போர்டு பாத்துட்டேன். மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற சின்ன டப்பா மாதிரி இருக்கிற எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் மேல 105 டிகிரின்னு எழுதியிருக்கும், டேட்டாஷீட்ல 2,000 மணி நேரம்னு போட்டிருக்கும். 10 டிகிரி குறைஞ்சா ஆயுசு ரெட்டிப்பு, இது பழைய விதி. 65 டிகிரியில வச்சா 32,000 மணி நேரம், தினம் எட்டு மணி நேரம்னா பதினோரு வருஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. அதே கெப்பாசிட்டரை இடம் இல்லன்னு சூட்டை வெளிய விடுற ஹீட்சிங்க் பக்கத்துல தள்ளி 85 டிகிரியில வச்சா 8,000, மூணு வருஷம் கூட முழுசா வராது. பேப்பர் கணக்கு தான், நிஜத்துல கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். ஆனா வாரண்டி முடிஞ்ச மறு மாசம் சாகுற சார்ஜரை எல்லாம் திறந்து பாருங்க, உப்பிப் போன கெப்பாசிட்டர் எது பக்கத்துல இருக்குன்னு. அதை அங்க வச்சது ஓனரா?

"எல்எஃப்பி செல்லு போட்டா பிரச்சனையே இல்ல அண்ணே"ன்னு ஒரு தம்பி மரியாதையா கேட்டிருந்தான். எல்எஃப்பின்னா லித்தியம் அயர்ன் பாஸ்பேட், வேற கெமிஸ்ட்ரி. பிரச்சனை கம்மி தான்பா, அது கட்டு மீறுற வெப்பம் இன்னும் மேல, ஆக்சிஜனையும் லேசுல விடாது. ஆனா நான் சொன்ன லூஸ் கனெக்டருக்கு உள்ள எந்தக் கெமிஸ்ட்ரி இருக்குன்னு தெரியாது.

"மேனுவல்ல வெயில்ல நிறுத்தாதீங்கன்னு போட்டிருக்கே"ன்னு இன்னொருத்தர். பெரிய கண்டுபிடிப்பு. விளம்பரத்துல வண்டி எங்க ஓடுது? பாலைவனத்துல, மலையில, உச்சி வெயில்ல கண்ணாடி போட்ட பையன் ஓட்டிட்டுப் போறான். விக்கிறப்ப வெயிலு, எரிஞ்சா மேனுவலு. 112ஆம் பக்கத்துல எறும்பு சைஸ் எழுத்துல ஒரு வரி போட்டுட்டா பொறுப்பு முடிஞ்சுதா? நிழல்ல நிறுத்துறது நல்லது தான், பேட்டரி ஆயுசு கூடும், நானே எல்லாருக்கும் அதைத் தான் சொல்றேன். ஆயுசு குறையறது வேற, தீப்பிடிக்கிறது வேற. ரெண்டையும் ஒண்ணா குழப்பித் தான் அவங்க தப்பிக்கிறாங்க, நீங்களும் சேர்ந்து குழப்புறீங்க.

"உனக்கு என்ன டிகிரி இருக்கு"ன்னு கேட்டவருக்கு: இல்ல சார். தெர்மாமீட்டர்ல இருக்கிற டிகிரி மட்டும் தான்.

எனக்குக் கோவம் அந்தக் கம்பெனி மேல கூட இல்ல, அவங்க வக்கீல் எழுதிக் குடுத்ததை ஒட்டுறாங்க. அந்தப் பொண்ணு ரெண்டு மாசமா "சார்ஜ் போடுறப்ப ஏதோ பிளாஸ்டிக் வாசம் வருது"ன்னு சர்வீஸ்ல எழுதிக் குடுத்திருக்கு, வீடியோவுல அந்த ஜாப் கார்டைக் காட்டுது, அதுல "சோதித்தோம், குறை இல்லை"ன்னு கையெழுத்து இருக்கு. அதை யாருமே பாக்கல. எல்லாரும் வண்டி நின்ன இடத்துல நிழல் விழுதா இல்லையான்னு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. குறை இல்லையாம். எத்தனை டிகிரியில வச்சு சோதிச்சாங்களாம்?

அந்த வண்டி நெட்டோட பேசுற வண்டி. பேக்கோட வெப்பம், கரண்ட், வோல்டேஜ் எல்லாம் சர்வருக்குப் போயிருக்கும், கடைசி ஒரு மணி நேரத்துக் கணக்கு அவங்க கிட்ட இருக்கும். அதை வெளிய விடட்டும். வெயில் தான் காரணம்னா வெப்பம் மெதுவா, வெயிலோட சேர்ந்து எல்லா சென்சார்லயும் ஒண்ணா ஏறியிருக்கும். ஒரு சென்சார் மட்டும் திடீர்னு தனியா எகிறியிருந்தா அது வேற கதை. முதல்ல சொன்னது தான்னு காட்டுனா இந்தப் பதிவுக்குக் கீழயே மன்னிப்பு எழுதுறேன், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்க குரூப்ல தாராளமா போட்டுக்குங்க. அதுவரைக்கும் "கவர் போட்டு நிறுத்துங்க அண்ணே"ன்னு யாராவது கீழ வந்தா பிளாக் தான்.