அந்த ‘அப்படியா?’வை மட்டும் விட்டுவிடுங்கள்

ஆபீஸில் புறணி பேசுகிறவரை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டால், "கண்டுக்காதீங்க, சிரிச்சிட்டுப் போயிடுங்க" என்பார்கள். இருக்கும் யோசனைகளிலேயே மோசமானது அதுதான். நீங்கள் சிரித்ததை அவர் சம்மதமாக எடுத்துக்கொள்வார். சாயங்காலத்துக்குள் "அவரும் அதையேதான் சொன்னாரு" என்று பக்கத்து செக்‌ஷனுக்குப் போயிருக்கும். நீங்கள் வாயே திறந்திருக்க மாட்டீர்கள்.

புறணி ஓடுவதும் நிற்பதும் கேட்பவர் கையில்தான் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டோனா ஈடரும் அவருடைய சக ஆய்வாளரும் பள்ளிப் பிள்ளைகளின் பேச்சைக் கூர்ந்து கவனித்து 1991இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் அவர்கள் கண்டது: அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிக் குறை சொன்னவுடன் யாராவது மறுத்தால் பேச்சு திசை மாறிவிடுகிறது. முதல் ஆளே ஆமாம் போட்டுவிட்டால், அதன்பின் மாற்றிப் பேச யாருக்கும் வாய் வருவதில்லை. நம் ஊர் ஆபீஸ் கேண்டீனுக்கும் இது அப்படியே பொருந்தும். ஆகவே உங்களுக்குக் கிடைப்பது முதல் சில நொடிகள்தான்.

அந்த நொடிகளில் நம்மை அறியாமல் வாயில் வருவது மூன்று கேள்விகள்: "அப்படியா?", "யார் சொன்னா?", "அப்புறம்?" இந்த மூன்றையும் பழக்கத்திலிருந்து எடுத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. ‘ம்ம்’ கூட வேண்டாம், அதற்கும் ஆமாம் என்றுதான் கணக்கு.

பதிலுக்கு என்ன சொல்வது? ஒரு சின்ன மறுப்பு, உடனே அவரே பதில் சொல்லியாக வேண்டிய ஒரு வேலைக் கேள்வி. "அது அவங்க சொந்த விஷயம்க்கா, எனக்குத் தெரியாது. ஆமா, அந்த ஜிஎஸ்டி ஃபைல் உங்ககிட்டதானே இருக்கு?" இரண்டுக்கும் நடுவில் மூச்சுவிட இடம் வைக்கக் கூடாது. வைத்தால் அந்த இடைவெளியில் "அதில்ல, கேளேன்..." என்று பேச்சு மறுபடி நுழைந்துவிடும். கேள்வியும் ஆமாம், இல்லை என்று முடிவதாக இருந்தால் போதாது. ஃபைலைத் தேடவோ தேதி சொல்லவோ வைப்பதாக இருந்தால் நல்லது.

வயதில் மூத்தவர், இருபது வருட சர்வீஸ் போட்டவர் என்றால் "இப்படியெல்லாம் பேசாதீங்க" என்பது செல்லாது. அவரைத் திருத்துவது நம் வேலையும் அல்ல. பழியை நம் மேலேயே போட்டுக்கொள்வதுதான் அவரிடம் எடுபடும்: "எனக்கு வாய் சும்மா இருக்காது சார், எங்கயாவது உளறிடுவேன், என்கிட்ட சொல்லாதீங்க." அவர் முகமும் கோணாது, ரகசியம் சொல்ல லாயக்கில்லாத ஆள் என்ற பெயரும் உங்களுக்குக் கிடைக்கும். இந்தப் பெயர் கிடைத்தால் கொண்டாடுங்கள்.

இல்லாதவருக்காகப் பேசலாமா என்றால், பேசலாம், ஒரே ஒரு வாக்கியம். "எனக்கு அவங்க வேலையில நல்லாத்தான் உதவி பண்ணாங்க." அதற்கு மேல் வாதாடப் போனால் விஷயம் பட்டிமன்றமாகிவிடும். அதிலும் பேசப்படுபவர் பெண்ணாகவும் நீங்கள் ஆணாகவும் இருந்தால் "இவனுக்கு என்ன இவ்வளவு அக்கறை?" என்று அடுத்த கதை அங்கேயே கிளம்பும். நல்லெண்ணத்தில் நீளமாக வக்காலத்து வாங்கியே வதந்தியை வளர்ப்பவர்கள் உண்டு. "வாங்க, அவங்களையே கேட்டுடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வதும் வேலை செய்யும். ஆனால் ஒரு தடவைதான். இரண்டாம் தடவை அது மிரட்டலாகக் கேட்கும்.

அவர் ஒரு ரகசியம் சொன்னால் பதிலுக்கு ஒன்று எதிர்பார்ப்பார். "உங்க வீட்ல எப்போ விசேஷம்?", "இன்கிரிமென்ட் எவ்வளவு வந்துச்சு?" என்பதெல்லாம் அந்த வகை. "எல்லாம் நல்லா போகுதுக்கா" என்று முடித்துவிடுங்கள். பொய் சொல்ல வேண்டாம், பிறகு நினைவில் வைத்திருக்க முடியாது.

மேனேஜர் இல்லாத வாட்ஸ்அப் குரூப் இன்னும் ஆபத்து. அங்கே நீங்கள் போடும் ஒரு சிரிப்பு எமோஜிகூடக் கையெழுத்து போட்ட மாதிரி. டெலிட் செய்தாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தவரிடம் இருக்கும். குரூப்பை ம்யூட் செய்து ஆர்க்கைவில் போடுவதே போதும். வெளியேறுவதானாலும் 2022க்குப் பிறகு எல்லோருக்கும் அறிவிப்பு போவதில்லை, அட்மின்களுக்கு மட்டும்தான். ஆனால் குரூப் விவரங்களில் சமீபத்தில் வெளியேறியவர்கள் பட்டியல் இருக்கும். பார்க்க நினைப்பவர் பார்த்துவிடுவார்.

எல்லாப் பேச்சும் புறணி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். "அந்த சாரோட தனியா சைட் விசிட் போகாதே" என்று ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சொல்வது எச்சரிக்கை. ஒரே வேலைக்கு யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று ஊழியர்கள் பேசிக்கொள்வது நியாயமான விஷயம். இவற்றையும் புறணி என்று சொல்லி வாயடைக்கிற நிர்வாகங்கள் இருக்கின்றன, அதற்குத் துணை போகாதீர்கள். டிரான்ஸ்ஃபர் சீசனிலும் அப்ரைசல் மாதத்திலும் வதந்தி பெருகுவதற்குக் காரணம் ஊழியர்களின் வாய் அல்ல. மேலே இருப்பவர்கள் தகவல் சொல்லாததுதான். லிஸ்ட் எந்தத் தேதியில் வரும் என்று மேனேஜர் ஒரு மெயில் போட்டாலே பாதிக் கதை அடங்கும்.

பேச்சு உங்களைப் பற்றியே என்றால் அன்றைக்கோ மறுநாளோ, தனியாக, அதைப் பேசுகிறவரிடமே போங்கள். "நான் வேலையை விடப் போறதா ஒரு பேச்சு ஓடுதாம். அப்படி எதுவும் இல்லை. ஏதாவது சந்தேகம்னா என்கிட்டயே கேளுங்க." இவ்வளவுதான். "நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டால் அவர் மறுப்பார், பேச்சு அங்கே சண்டையாகும். உங்களுக்குச் சொன்னவர் யார் என்பதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே விடாதீர்கள். விட்டால் அடுத்த முறை உங்களிடம் யாரும் வந்து சொல்ல மாட்டார்கள். வதந்தி உங்கள் வேலையைத் தொடுவதாக இருந்தால் மேனேஜரிடம் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

எச்ஆரிடம் முதல் நாளே ஓடுவதில் பயனில்லை. "அவர் எப்பவும் என்னைப் பத்திப் பேசுறார்" என்று போனால் இருவரையும் உட்கார வைத்துக் கைகுலுக்கச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். தேதி, இடம், சொன்ன வார்த்தைகள், அருகில் இருந்தவர்கள் என நான்கையும் குறித்து வையுங்கள். ஒருமுறை நேரில் சொல்லியும் நிற்கவில்லை என்ற பிறகு மெயிலில் போங்கள்.

ஒரு விதிவிலக்கு, பாலியல் சாயல் கொண்ட பேச்சு. 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் அதைத் துன்புறுத்தலாகவே வரையறுக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். இங்கே மரியாதை, நயம் எதையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புகார் கொடுத்தவர் யார் என்பதை வெளியிடுவதை அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு தடுக்கிறது. "யாரு கம்ப்ளெயின்ட் குடுத்தாங்க தெரியுமா?" என்று டீ டைமில் ஆரம்பிப்பவரிடம் இதையே சொல்லலாம்.

நீங்கள் இப்படி ஒதுங்கத் தொடங்கினால் முதல் சில வாரங்கள் அந்தப் புறணிக்காரர் "ரொம்பத்தான் பில்டப்பு" என்று உங்களைப் பற்றியே பேசுவார். பேசட்டும். காலையில் வணக்கம் சொல்வதையும் டீக்குக் கூப்பிடுவதையும் மட்டும் நிறுத்தாதீர்கள். எந்த ஃபைல் எந்த பீரோவில் இருக்கிறது, எந்த ஆடிட்டர் எதைக் கேட்பார் என்று ஆபீஸிலேயே அதிகம் தெரிந்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். அதை அவரிடமே கேளுங்கள், உற்சாகமாகச் சொல்வார்.